மாப்பிள்ளை காய்ச்சிய பீர்

கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர்க் குளிரைப் பற்றி ஒரு பெருமை. கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், காதை மூடும் குல்லாயை மாட்டிக்கொண்டு, பனிக்கட்டிமேல் குடித்தனம் செய்பவர்கள் மாதிரி நடப்பார்கள். என் மாப்பிள்ளை அந்தப் பெருமையை நம்பித்தான் பீர் காய்ச்சினார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மூட்டுவலி வைத்தியத்துக்காகக் கோயமுத்தூர் கணபதியில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். மாப்பிள்ளை மில் மெஷின் செய்யும் பட்டறையில் ஃபோர்மேன். பட்டறைக்காரர்கள் அவரை ஆறு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பி வேலை பழகவைத்தார்கள். போன மனுசன் பெண்டாட்டிக்கு ஒரு சேலைத்துணி வாங்கி வரவில்லை. இரண்டு டின் பார்லிப் பாகு, இரண்டு பொட்டலம் ஈஸ்ட், அவ்வளவுதான். அங்கே வேலை சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரர் வீட்டிலேயே பீர் காய்ச்சுவாராம். தை மாசக் கடைசியில் அவர் பட்டறைக்கு வருவதாக இருந்தது. "எங்க ஊர்லயே காய்ச்சி உங்களுக்கு ஊத்தறேன்" என்று இவர் சவால் விட்டிருக்கிறார். அந்த ஆள் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு இவருக்கு முள்ளாய்த் தைத்துவிட்டது.

அந்த ஜாதி பீர் பத்து, பன்னிரண்டு டிகிரிக் குளிரில் நின்று நிதானமாகப் புளிக்க வேண்டுமாம். மாப்பிள்ளை பாகைக் கரைத்து, ஈஸ்ட்டைத் தூவி, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் ஊற்றிப் பின்கட்டு ஜன்னலைத் திறந்து வைத்தார்.

"அந்தக் குளுர் பத்தாதுங்க மாப்பிள்ளை" என்றேன். "புளிக்கிற பண்டம் தானே சூடு கக்கும்."

"அத்தை, இது இட்லி மாவு இல்லீங்க."

கருமத்தம்பட்டியில் தறிக்காரர்களுக்கு முப்பது வருசம் இட்லிக் கடை நடத்தியவள் நான். மார்கழியில் மாவுக்குச் சாக்குப் போர்த்துவேன், சித்திரையில் மாவுத் தூக்கைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதால் எனக்குச் சூடு குளிர் தெரியாது என்று நினைத்தார் போலிருக்கிறது. படித்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

நாலாம் நாள் வாளியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது. மூடியைத் திறந்தால், புகை போட்டு வாழைத்தார் பழுக்க வைக்கும் மண்டியின் வாசனை. மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினார்.

"ஏனுங்க, பூவன்பழம் பிழிஞ்சு ஊத்துனீங்களா?" என்றாள் என் மகள். அவளுக்கு வாய் என்னிடமிருந்து வந்தது.

ஒரு டின்னும் ஒரு பொட்டலமும்தான் மிச்சம். அதுவும் போனால் வெள்ளைக்காரர் முன்னால் தலைகுனிய வேண்டியதுதான். மார்கழி பிறந்ததும் மாப்பிள்ளையே என்னிடம் வந்து நின்றார். "நீங்களே சொல்லுங்க அத்தை" என்றார். சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. நான் இரக்கப்படவில்லை.

கல்யாண அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மிச்சப் பாகைக் கரைத்து ஈஸ்ட் தூவிய வாளியை அதில் இறக்கி, சுற்றி ஈரச்சாக்குக் கட்டினேன். ஐஸ் கம்பெனியில் பாளம் வாங்கி, மரத்தூளில் புதைத்து வைத்து, காலையும் சாயந்திரமும் உடைத்துத் தண்ணீரில் போட்டோம். வாளி மூடியிலிருந்து ஒரு குழாய், தண்ணீர் பாட்டிலுக்குள் குமிழி விடும். குமிழி வேகமானால் ஐஸ் கூட்டு, மந்தமானால் குறை. இதுதான் கணக்கு. பட்டறைத் தெர்மாமீட்டரும் தண்ணீரில் தொங்கியது, மாப்பிள்ளையின் மனசாந்திக்கு.

ஐந்தாம் நாள் நான் வைத்தியரிடம் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து தெர்மாமீட்டர் முள் பதினாலைக் காட்டியதாம். இவர் பயந்து ஒரு முழுப் பாளத்தையும் உள்ளே தள்ளியிருக்கிறார். நான் வரும்போது முள் நாலில் நின்றது. குமிழி ஒன்றுகூட இல்லை.

"செத்துப்போச்சுங்க அத்தை. கொட்டிப் போடலாமுங்களா?"

"ஐஸ எடுத்துப்போட்டுச் சும்மா உக்காருங்க. குளுர்ல தூங்குது. நீங்க தூங்குனா உங்களையும் கொட்டிப் போடுவாங்களா?"

என் மகள் சிரித்துக்கொண்டே ஐஸை அள்ளினாள். ஒன்றரை நாள் அந்த மனுசன் பாட்டில் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார், பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவரைப் போல. நானும் சமையல்கட்டுக்குப் போகும் சாக்கில் நாலு தரம் எட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாள் சாயந்திரம் ஒரு குமிழி வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அதற்குப் பிறகு அவர் அண்டாப் பக்கம் வர நான் விடவில்லை.

தையில் வெள்ளைக்காரர் வந்தார். மாப்பிள்ளை டம்ளரை நீட்டினார். வெள்ளைக்காரர் மோந்து பார்த்தார், ஒரு மடக்குக் குடித்தார். பிறகு டம்ளரைக் காலி செய்து மறுபடி நீட்டினார். மூன்றாவது டம்ளரில் அவர் என்னவோ கேட்க, மாப்பிள்ளை என்னைக் கை காட்டினார். வெள்ளைக்காரர் எழுந்து எனக்குக் கும்பிடு போட்டார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. மூட்டுவலி ஒரு காரணம்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

"அத்தை, டின்னு அனுப்பி வைக்கறேன்னு சொல்லியிருக்காருங்க. சித்திரையில இன்னொண்ணு போட்டுடலாமுங்களா?"

"போடலாமுங்க. மொதல்ல ஊட்டி மலைல ஒரு ஊடு பாருங்க" என்றேன்.