சவுக்குத் தோப்புக் குடிசையில் வேப்பிலை

எழுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம் நடந்தது இது. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் எங்கள் குப்பம். நான் பிறந்தது கோவளம், வாழ்க்கைப்பட்டு வந்தது இங்கே. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் இதை யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. என் கையாலேயே மெள்ள மெள்ள எழுதியிருக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

எங்கள் குப்பத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே அப்போது ஒரு பெரிய சவுக்குத் தோப்பு இருந்தது. திருக்கழுக்குன்றத்துக்காரர் ஒருவருடைய தோப்பு அது. அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. காவலுக்கென்று நடுத்தோப்பில் ஒரு குடிசை போட்டிருந்தார்கள். மண்சுவர், பனையோலைக் கூரை, ஒரே கதவு. கரண்டு கிடையாது. குழாய் கிடையாது. கொஞ்சம் தள்ளி மணலைப் பள்ளமாகத் தோண்டிய துரவு ஒன்று, அதில்தான் இறங்கி நல்ல தண்ணீர் மொள்ள வேண்டும். காற்றடித்தால் சவுக்கு மரம் விடாமல் இரையும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது.

அந்தக் குடிசையை ஒரு வெள்ளைக்காரப் பெண் வாடகைக்குக் கேட்டாள். மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்காரர்கள் வருவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அவர்கள் கோயில் பக்கம், கடைவீதிப் பக்கம் வீடு பிடித்துத் தங்குவார்கள். இவள் மட்டும் ஆளே இல்லாத இடமாக வேண்டும் என்று டீக்கடைக்காரர் மூலமாகச் சொல்லியனுப்பினாள். தோப்புக்காரரும் சரி என்றுவிட்டார்.

"துட்டு குடுத்து இருட்டுல குந்திகினு இருக்கப் போறாளா? நம்ப வூட்ல அது சும்மாவே கெடைக்குதே" என்றார் என் மாமியார்.

அவள் எதற்கு வந்தாள் என்பதுதான் அப்போது குப்பத்தில் பேச்சு. "புருஷங்கிட்ட கோச்சிகினு வந்துட்டா, வேற இன்னா" என்றாள் என் நாத்தனார். வலை பின்னுகிறவர்கள், நம் படகுகளை எண்ணிக்கொண்டு போக எந்த தேசமோ அனுப்பியிருக்கிறது என்றார்கள். எண்ணுகிற அளவுக்கு எங்களிடம் படகு எங்கே இருந்தது? எல்லாம் கட்டுமரம்தான்.

எல்லோரையும்விட எனக்குத்தான் அந்த ஆவல் அதிகம். அடுப்பெரிக்கச் சவுக்குச் சருகு வார நான்தான் தினமும் தோப்புக்குப் போவேன். வாருகிற சாக்கில் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். என் வயதுதான் இருக்கும், இருபத்தைந்துக்குள். காலையில் ஒரு மரத்தடியில் உட்காருவாள். நிழல் நகர்ந்தால் அவளும் நகருவாள். அவ்வளவுதான் அவள் வேலை. தைக்கவில்லை, பின்னவில்லை, யாரோடும் பேசவில்லை. ஒரு மனுஷி இப்படி எத்தனை நாள் இருக்க முடியும்?

ஒருநாள் நல்ல மடவை மீனாகப் பார்த்து இரண்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மீன் தின்கிற பழக்கமில்லை போலிருக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோவளத்துச் சந்தையில் என் கூடையைக் கண்டால் மற்றக் கூடைகளைத் தாண்டி வருவார்கள். என் மீனை வேண்டாம் என்றவர்கள் அதுவரை கிடையாது. என் முகத்தைப் பார்த்துப் பயந்தாளோ என்னவோ, என் மூக்குத்தியைக் காட்டி "அழகு" என்றாள். தண்ணி, போதும், அழகு. இந்த மூன்று வார்த்தைதான் அவளுக்குத் தெரிந்த தமிழ்.

சித்திரை வெயில் ஏறியதும் குப்பத்தில் இரண்டு வீட்டில் அம்மை கண்டது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவோம். இலையைப் பார்த்துவிட்டால் வெளியார் யாரும் படியேற மாட்டார்கள். உள்ளே ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். குடிக்கக் கொடுப்பதைத் தள்ளி வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

ஒருநாள் காலை சருகு வாரப் போனேன். குடிசைக் கதவு நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. சருகு வாரியை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. பால் மறந்த பிள்ளைதான், ஆனாலும் பிள்ளை பிள்ளைதானே.

விஷயம் கேட்டதும் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வெள்ளக்காரின்னு பாக்கல பாரு ஆத்தா. அவ வூட்டுக்கும் போயிருக்கா" என்றார். அதோடு சரி, குப்பத்தில் அவளைப் பற்றிய கேலிப் பேச்சு நின்றுபோனது. தோப்பு ஓரத்தில் முதல் வரிசை மரத்தடியில் இளநீரும் ஒரு சட்டி கூழும் கொண்டுபோய் வைத்தார்கள். அவளாக வந்து எடுத்துக்கொள்வாள் என்று நினைப்பு. மறுநாள் அந்தப் பக்கம் போன ஒரு பெரியம்மா, குடிசைக்குள்ளே முனகல் சத்தம் கேட்டதாகச் சொன்னார். ஆத்தா பேசுகிறாள் என்று அங்கேயே விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாராம்.

எனக்கு மட்டும் மனசு ஒரு நிலையில் இல்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கூழைக் காக்காய் கொத்திக்கொண்டிருந்தது. இளநீர் வைத்தது வைத்தபடி கிடந்தது. குடிசைக் கொடியில் ஒரு பாவாடை காய்ந்தது. அன்றைக்கும் அதுதான், அடுத்த நாளும் அதுதான். அம்மை வீட்டில் யாராவது துணி துவைத்துக் காயப்போடுவார்களா? அது போகட்டும், நிலையில் இருந்த இலை கருகிச் சுருண்டுவிட்டது. எங்கள் வீடுகளில் வாடவிடாமல் பச்சை இலை மாற்றிக்கொண்டே இருப்போம்.

"அத்த, அந்த எல காஞ்சி போய்க் கீது" என்றேன் மாமியாரிடம்.

"காஞ்சா இன்னா? ஆத்தா எறங்கறான்னு அர்த்தம்."

"எறங்கினா தலைக்கு தண்ணி ஊத்தணுமே. அவளுக்கு யாரு ஊத்துனா?"

"நீ இன்னாத்துக்கு அதையே மோந்துகினு திரியற? உள்ள கால வச்ச, அப்புறம் இந்த வூட்டுப் படி ஏறக்கூடாது. புள்ள கீது வூட்ல" என்றார் மாமியார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நானும் உள்ளே போகிற எண்ணத்தில் கிளம்பவில்லை. கேட்டுவிட்டு வந்துவிடலாம், அவ்வளவுதான். மத்தியான வெயிலில் குடிசைக்குப் போய், பத்தடி தள்ளி நின்று, "ஏம்மா, ஏம்மா" என்று கூப்பிட்டேன். காற்று இரைந்தது. இன்னும் கிட்டே போய், மீன் விற்கிற குரலில் கூப்பிட்டேன். உள்ளிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"தண்ணி."

அம்மை கண்டவர் வாய்விட்டுத் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. கேட்பது ஆத்தா. எங்கள் வழக்கத்திலேயே அதுவும் இருக்கிறது. செருப்பு நான் போட்டதே இல்லை, கழற்ற ஒன்றுமில்லை. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

பாயில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. பானை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. முகத்தைப் பார்த்தேன், கையைத் திருப்பிப் பார்த்தேன். அம்மை முத்து ஒன்றுகூட இல்லை. உடம்பு மட்டும் கொதித்தது. அப்புறம்தான் காலைப் பார்த்தேன். கணுக்கால் பனம்பழம் மாதிரி வீங்கிக் கறுத்திருந்தது.

துரவுக்கு ஓடினேன். இறங்குகிற சரிவில் மணல் சறுக்கிய தடம் இருந்தது. அங்கிருந்து குடிசை வரைக்கும் ஒரு ஆள் தவழ்ந்துபோன தடம். பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீர் மொள்ள இறங்கிய இடத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டிருக்கிறாள். பானையில் இருந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். அது தீர்ந்தும் போயிருக்கிறது. கூப்பிட்டிருப்பாள். சவுக்கு இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? கேட்ட ஒருவரும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

மடியில் தலையை வைத்து, உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். பிறகு போய் என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் கதவு நிலையில் இருந்த இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ போயிட்டியா உள்ள?" என்றார். போய்விட்டேன் என்றேன். "அப்ப நானும் போறேன்" என்று வந்துவிட்டார். கயிற்றுக் கட்டிலில் போட்டு ரோட்டுக்குத் தூக்கினோம். சவுக்குக் கட்டை ஏற்றிப்போன லாரியை நிறுத்தி, கட்டை மேலேயே வைக்கோல் பரப்பி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். "இத்தனை நாள் ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலையா?" என்று அதட்டினார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. "வேப்பிலை கட்டியிருந்துச்சிங்க" என்றேன். டாக்டர் எங்கள் பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது. அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அம்மையும் இல்லை கிம்மையும் இல்லை, எலும்பு முறிவும் தண்ணீர் வற்றிப்போனதும்தான் என்று சொல்லி, பாட்டிலில் மருந்து ஏற்றி, காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்.

நான் ஆஸ்பத்திரியிலேயே கூட இருந்தேன். உடம்பு தேறியதும், எங்கே போகிறாய் என்று சைகையில் கேட்டேன். கையை மேலே தூக்கி ஆட்டி, சவுக்கு மரம் மாதிரி இரைந்து காட்டினாள். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. இவ்வளவு பட்டும் அங்கேயேவா? ஒண்டியாக எப்படி விடுவது என்று நானும் துணைக்குப் போனேன். தோப்பு ஓரத்தில் மாமியார் நின்றிருந்தார்.

"அத்த, அவளுக்கு அம்மை இல்லியாம். டாக்டரு சொல்லிட்டாரு."

"டாக்டருக்கு இன்னா தெரியும்? எல கட்டியாச்சு இல்ல? ஆத்தாவ கூப்ட்டு ஒக்கார வச்சிட்டு, மரியாத பண்ணி அனுப்ப வேணாவா? மூணு தண்ணி ஊத்தினப்புறம் ரெண்டு பேரும் எங்க வேணா போங்க. அதுவரிக்கும் அங்கியே கெடங்க."

அப்படித்தான் நானும் அந்தக் குடிசையில் தங்கினேன். உள்ளே கால் வைத்த என் வீட்டுக்காரரும் தோப்பின் மறுகோடியில் படுத்துக்கொண்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றுகிற மூன்று தண்ணீரும் முடியும்வரை வீட்டுப் பக்கம் போகவில்லை. தாளிப்பு கிடையாது, மீன் கிடையாது. அவளுக்கு அது விருந்து. மீன் வாசனை இல்லாமல் நான் சோறு தின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சாயங்காலம் மாமியார் என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து தோப்பு ஓரத்தில் நின்று காட்டுவார். பிள்ளை கையை ஆட்டும். என்னோடு சேர்ந்து அவளும் ஆட்டுவாள்.

ஒருநாள் அந்தக் கருகிய இலையைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன். குப்பத்துப் பக்கம் கையைக் காட்டினாள். மணலில் ஒரு வீடு வரைந்து, வாசலில் இலை வரைந்து, தன் கண்ணைத் தொட்டு "அழகு" என்றாள். எங்கள் வீடுகளில் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. என் முகத்திலும் கையிலும் விரலால் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டினேன். படுத்துக் காட்டினேன். இலையைக் காட்டி, தள்ளி நின்று கும்பிட்டுக் காட்டினேன். அவளுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு தோப்பு ஓரம்வரை நொண்டி வந்தாள். அங்கே இளநீர் இன்னும் குலையாகக் கிடந்தது. இது உனக்கு வைத்தது என்று கையால் காட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதுவரைக்கும் எங்களை என்னவென்று நினைத்துக்கொண்டு கிடந்தாளோ, நான் கேட்கவில்லை.

அவள் நிழல் பார்த்து உட்காரும் மரத்தடியில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பிறந்ததிலிருந்து பத்துப் பேர் நடுவில் இருந்தவள் நான். முதல்நாள் கை என்னவோ பரபரத்தது. பிறகு மரத்தில் ஓடுகிற எறும்பைப் பார்த்தேன், கூம்பு கூம்பாக விழுகிற சவுக்குக் காயைப் பார்த்தேன். அவள் ஏன் வந்தாள் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. ஆனால் அது அப்படியொன்றும் பைத்தியக்கார வேலை இல்லை என்று மட்டும் தோன்றியது.

மூன்றாம் தண்ணீர் ஊற்ற மாமியாரே வந்தார். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீர். அவளை மணையில் உட்காரவைத்து, மாவுக்கட்டுக் காலை நீட்டி ஒரு மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து, தார்ப்பாய்த் துண்டால் சுற்றினோம். மாமியார் தலையில் தண்ணீரை விட்டார். "வந்த எடத்துல கொறை வைக்காம போயி வா தாயே" என்றார். அதை ஆத்தாவுக்குச் சொன்னாரா அவளுக்குச் சொன்னாரா, அவரைத்தான் கேட்க வேண்டும். அவள் முகமெல்லாம் மஞ்சளாக, அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாமியார், "சரி சரி, தலைய தொவட்டு, சளி புடிக்கும்" என்று முந்தானையைக் கொடுத்தார்.

கால் சரியானதும் அவள் போய்விட்டாள். எந்த ஊர், என்ன ஆனாள், ஒன்றும் தெரியாது.

எங்கள் வழக்கத்தை நான் விடவில்லை. இன்றைக்கும் இலை கட்டிய வீட்டுக்குள் நான் போவதில்லை. ஆனால் எந்த வாசலானாலும் சரி, உள்ளே இருப்பவருக்குக் காதில் விழுகிற மாதிரி நின்று குரல் கொடுத்து, பதில் ஒன்று வாங்கிக்கொள்ளாமல் நான் திரும்பி வருவதில்லை.