உப்பு கேட்காத இயந்திரம்

ஊரில் எந்தக் குழாயைத் திறந்தாலும் என்ன தண்ணீர் வரும் என்று அவருக்குத் தெரியும், அவர் வீட்டுக் குழாயைத் தவிர. குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாகத் தண்ணீரைச் சோதித்து வருகிறவர். கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, குடுவைத் தண்ணீர் சிவப்பிலிருந்து நீலமாகும் கணத்தில் கையை நிறுத்துவார். அரைச் சொட்டுகூட அதிகம் போகாது. அதனால் அங்கே அவருக்குப் பெயர் 'அரைச்சொட்டு'. முதுகுக்குப் பின்னால் மட்டும்தான், நேரில் 'சார்'.

இவ்வளவு துல்லியமான மனிதர் வீட்டில் பார்த்த வேலை, பாத்திரம் துலக்குவது. கல்யாணமான புதிதில் போட்ட ஒப்பந்தம் அது: மனைவி சமைப்பார், இவர் கழுவுவார். மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து, மற்றவர் கண்ணுக்குத் தெரியாத கீறலை நாள் முழுக்கக் கண்டுபிடிக்கிற தொழில். அப்படிப்பட்டவருக்குக் கண்ணாடி டம்ளர் கழுவித் தருவது உப்புப் பெறாத விஷயமல்ல. முப்பது வருடம் குறை சொல்லாதபடி கழுவினார். பிறகு இடுப்பு குறை சொல்ல ஆரம்பித்தது.

பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டார். மனைவிக்கு இஷ்டமில்லை. ஆனால் பில்லைப் படித்திருந்தார்.

"முப்பது நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்னு போட்டிருக்கு. முப்பதாவது நாள் டம்ளரைப் பாப்பேன். நீங்க கழுவுன மாதிரி இருந்தா அது இங்கயே இருக்கட்டும். இல்லன்னா அது கடைக்கு, நீங்க சிங்க்குக்கு."

பொருத்த வந்த மெக்கானிக் கீழ்த் தட்டை வெளியே இழுத்து, அடியில் இருந்த ஒரு மூடியைத் திருகிக் காட்டினார்.

"தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை உள்ள ஒரு டப்பா பிடிச்சு வச்சுக்கும் சார். அந்த டப்பாவைக் கழுவத்தான் இந்த உப்பு. சமையல் உப்பைப் போட்டுடாதீங்க, தூளா இருக்கும், அடைச்சுக்கும். இதுக்குன்னே விக்கிற கல் உப்புதான் போடணும்."

மனைவி பாக்கெட்டைப் பார்த்தார். "இவருக்கு ஆறு வருஷமா டாக்டர் உப்பைத் தடுத்து வச்சிருக்காரு. இது வந்த அன்னிக்கே ஒரு கிலோவா?"

"உங்க தண்ணியோட கடினம் எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தக்க நம்பர் வைக்கலாம் சார். பூஜ்யத்துலேர்ந்து ஏழு வரைக்கும் இருக்கு. தெரியலன்னா இந்தக் காகிதத்தை நனைச்சுப் பாருங்க, கட்டம் சிவக்கும். எத்தனை கட்டம் சிவக்குதோ அவ்வளவு கடினம்."

யானைப் பாகனிடம் மரப்பாச்சி யானையை நீட்டினால் எப்படிப் பார்ப்பானோ, அப்படிப் பார்த்தார் அரைச்சொட்டு.

"தம்பி, இந்த ஊருக்கே அந்தக் கணக்கைச் சொல்றவன் நான். லிட்டருக்கு அறுபது மில்லிகிராம். பஞ்சு மாதிரி தண்ணி. பூஜ்யத்துல வை."

சோதனைக் காகிதம், கையேட்டில் அவர் படித்து நிறுத்திய பக்கத்துக்கு அடையாளமாகப் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் நாளே டம்ளர்களில் லேசாக வெள்ளை படர்ந்தது. சோப்பின் குற்றம் என்றார், சோப்பை மாற்றினார். அடுக்கியதில் குற்றம் என்றார், அடுக்கை மாற்றினார். மூன்றாவது வாரம் டம்ளருக்கு அப்பால் இருந்த ஜன்னல் தெரியவில்லை.

"கண்ணுல புரை விழுந்தா இப்படித்தான் இருக்கும்" என்றார் மனைவி, தொழில் முறையில்.

"தண்ணியில மட்டும் குறை சொல்லாதே. உப்பு தீர்ந்தா லைட் எரியும்னாங்கல்ல? இன்னிக்கு வரைக்கும் எரிஞ்சுதா? மெஷின் உப்பே கேக்கல. நம்ம தண்ணி அப்படி!"

இருபத்தேழாம் நாள் விடுமுறை. மனைவி ஒரு டம்ளரை எடுத்து வினிகரில் துடைத்தார். புரை விலகியது. ஆக, கண்ணாடியில் கீறல் இல்லை. மேலே ஏதோ படிந்திருக்கிறது. அடுத்து உப்புத் தொட்டியைத் திறந்து கரண்டிக் காம்பை விட்டார். காம்பு இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை.

"என்னங்க, இங்க வாங்க. போட்ட உப்பு போட்டபடி இருக்கு. இதுக்கும் உங்களுக்கும் ஒரே டாக்டரா?"

கையேட்டிலிருந்து காகிதத்தை உருவி, குழாயில் நனைத்தார். ஒரு நிமிடத்தில் ஐந்து கட்டங்களில் நான்கு சிவந்தன.

"காகிதம் பழசா இருக்கும்" என்றார் அவர். மனைவி காகிதத்தை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார்.

மறுநாள் சொந்தக் குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். சொட்டு விட்டார். நீலமாக வேண்டிய இடம் வந்தது, போனது, தண்ணீர் சிவப்பாகவே இருந்தது. விட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நீலமானபோது கணக்கு முந்நூற்று நாற்பது. திரும்பச் செய்தார். அரைச் சொட்டுகூட மாறவில்லை.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தார். "எந்தத் தெரு சார் இது? கல்லைக் கரைச்சுக் குடிக்கிறாங்க போல, பாவம்."

பாவப்பட்டவர் இருமிக்கொண்டே பழைய அறிக்கைக் கோப்பைத் தேடினார். போன வருடம் ஆற்றுக் குழாயில் வேலை நடந்தபோது, அவர் பகுதிக்கு மட்டும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்திருந்தார்கள். அது இன்னும் அப்படியே தொடர்கிறது. அறிக்கை தெளிவாக இருந்தது: 'கடினத்தன்மை 340. குடிக்க உகந்தது.' கீழே கையெழுத்து அவருடையது. பொய்யும் இல்லை, குடிக்க உகந்ததுதான். டம்ளருக்கு உகந்ததா என்று கேட்க வாரியத்தின் படிவத்தில் கட்டம் இல்லை.

வீட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் நம்பரை மாற்றியிருக்கலாம். அதற்குத் துல்லியமான மனிதர் லாயக்கில்லை. வாரியப் படிவம் ஒன்றை நிரப்பி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினார்: 'மாதிரி எடுத்த இடம்: நம் சமையலறை. கடினத்தன்மை: 340. வாய்மொழியாகச் சொன்ன முந்தைய அறிக்கை தவறு.'

மனைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "கையெழுத்து எங்கே?"

போட்டார். பூஜ்யத்தில் வைத்தால் இயந்திரம் உப்பைத் தொடுவதே இல்லை என்பதால், நம்பரை ஐந்துக்கு உயர்த்தினார். பழைய படிவு தானாகப் போகாது என்பதால் வீட்டிலுள்ள அத்தனை டம்ளரையும் சிங்க்கில் நின்று வினிகர் போட்டுத் துடைத்தார். இனி சிங்க்கில் நிற்காமலிருக்க, அன்று இரண்டு மணி நேரம் சிங்க்கில் நிற்க வேண்டியிருந்தது.

முப்பதாம் நாள் காலை. நான்கு முறை கழுவி வந்த டம்ளரை மனைவி ஜன்னலருகே கொண்டுபோய், லென்ஸைப் போலச் சுழற்றிப் பார்த்தார். இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தார் இவர்.

"சும்மா சொல்லக் கூடாது. பவரே இல்லாத கண்ணாடி மாதிரி இருக்கு. இருக்கட்டும் போங்க."

மூன்று வாரம் கழித்து இயந்திரத்தின் முகப்பில் சின்ன விளக்கு ஒன்று எரிந்தது.

"ஏம்மா, ஓடி வா! உப்பு கேக்குது!" பிள்ளை முதல் வார்த்தை பேசிவிட்டதைச் சொல்கிற தகப்பன் குரல் அது.

ஆறு வருடத்தில் அந்த வீட்டில் அவர் கையால் உப்புப் போட அனுமதித்த ஒரே இடம் அந்தத் தொட்டிதான். புனலை வைத்து, ரசித்து ரசித்துக் கொட்டினார். சிந்திய உப்பு தகட்டை அரிக்காமலிருக்க உடனே இயந்திரத்தை ஓடவிட்டார். நிமிர்ந்தபோது ஆள்காட்டி விரலில் இரண்டு கல் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"வாயில வைக்காதீங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அது மெஷினோடது."