ஹீட்டர் சத்தம் நின்ற வாரம்

நோபல் பார்க் என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டில் ஹீட்டர் தரைக்குக் கீழே இருந்தது. அதிலிருந்து தடித்த குழாய்கள் ஒவ்வொரு அறைக்கும் போகும். தரையில் பதித்த கம்பித் தட்டிகள் வழியாகச் சூடான காற்று மேலே வரும். காற்றாடி சுழலத் தொடங்கும்போதெல்லாம் யாரோ தகரத்தைக் காலால் உதைத்ததுபோல 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகு ஓயாத இரைச்சல்.

என் கணவருக்கு டண்டினோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில்தான் உறக்கம். சத்தம் கேட்டு எழும்பினால் கையில் அகப்பட்டது சுவரில் போய் விழும். ஒருமுறை சாப்பாட்டு மேசைக் கதிரை விழுந்த இடத்தில் சுவரே ஓட்டையானது. ஒருநாள் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, முகத்தைத் தரைத் தட்டியில் அழுத்தினார்.

"கேளடி! நல்லாக் கேள்! இதுக்குள்ள மனுசன் நித்திரை கொள்ளலாமோ?"

கம்பியின் சூடு கன்னத்தில் கோடு கோடாகப் பதிந்தது. நாலு வயது மகள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பகலில் ஹீட்டரைப் போடவே பயந்தேன். குளிரில் மகளுக்கு இருமல் நெஞ்சில் இறங்கியது. வீட்டு ஏஜென்டுக்குச் சொன்னால், ஹீட்டர் வேலை செய்கிறதுதானே என்றார். என் கணவர் கெட்டவரில்லை, உறக்கமில்லாத மனிதர், சத்தம் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போது நம்பினேன். ஆகவே சத்தத்தை நானே நிறுத்துவதென்று தீர்மானித்தேன்.

கைபேசியில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். ஹீட்டர் மூச்சு இழுக்கும் பெரிய தட்டி நடைபாதைச் சுவரில் இருந்தது. அதைக் கழற்றினால் உள்ளே இருந்த வடிகட்டி, தூசி படிந்து கம்பளிபோல இருந்தது. காற்று போதாமல் இழுக்கும்போதுதான் கீழே உள்ள ஹீட்டரின் தகரப்பெட்டியின் பக்கச்சுவர் 'டமார்' என்று உள்ளே மடிகிறது. வடிகட்டியைக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். காஸ் செலவைக் குறைக்க நாங்கள் மூடி வைத்திருந்த அறைத் தட்டிகளையும் திறந்துவிட்டேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. 'டமார்' என்ற அடி மட்டும் நிற்கவில்லை.

அவர் கடைக்குப் போன ஒரு சனிக்கிழமை, ஹீட்டரை நிறுத்திவிட்டு, வீட்டுப் பக்கச்சுவரிலிருந்த சின்னக் கதவால் தரைக்குக் கீழே தவழ்ந்து போனேன். தகரப்பெட்டியைக் கையால் அழுத்தினேன். அதே சத்தம். அதன் அகலமான பக்கத்தில் ஒரு மரச்சட்டத்தை வைத்துத் திருகாணியால் இறுக்கினேன். தகரம் உள்ளங்கையைக் கிழித்தது. மேலே வந்து ஹீட்டரைப் போட்டேன். மெல்லிய காற்றோசை மட்டும் வந்தது. சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன்.

ஒரு வாரம் அவர் நன்றாக உறங்கினார். நான் செய்ததைச் சொன்னபோது, "பரவாயில்லை" என்றார். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

மகளின் அறைக்குப் போகும் குழாய் மட்டும் ஒரு தூணுக்கும் நிலத்துக்கும் இடையில் நசுங்கி, இன்னும் விசிலடித்தது. அடுத்த சனிக்கிழமை மத்தியானம், அவர் படுத்திருக்க, மகளைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்திவிட்டுக் கீழே போனேன். குழாயைக் கழற்றிக் கையில் பிடித்தபோது, அதன் வாய்க்குள்ளால் மேலே நடப்பதெல்லாம் பக்கத்தில் நடப்பதுபோலக் கேட்டது. மகள் தன் அறைக்கு வந்து பொம்மையோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கனமான காலடிகள் வந்தன.

"என்ன சிரிப்பு? அம்மா எங்க?"

"ஐ டோன்ட் நோ."

"தமிழில சொல்லு!"

கன்னத்தில் அறை விழுந்த சத்தம். ஏதோ கட்டிலில் மோதியது. பிள்ளை மூச்சை இழுத்தபடி நின்று, பிறகு வீரிட்டாள். இரண்டாவது அடியும் கேட்டது.

எப்படி வெளியே வந்தேனென்று தெரியாது. முழங்கால் இரண்டும் உரிந்திருந்தன. உள்ளே ஓடி இருவருக்கும் நடுவில் புகுந்தேன். அவர் என் கையைப் பின்னால் முறுக்கிக் கதவு நிலையில் அடித்தார். மணிக்கட்டில் 'கடக்' என்றது. மற்றக் கையில் அப்படியே இருந்த திருப்புளியால் அவர் தோளில் குத்தினேன். அவர் பிடி தளர்ந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் பக்கத்து வீட்டு அன்ரியிடம் ஓடினேன்.

"அன்ரி, பொலிசுக்குப் போன் அடியுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறியோ பிள்ளை?"

"ஓம்."

ஹீட்டர் சத்தத்தால்தான் தனக்குப் பொறுமை போனதென்று அவர் பொலிசாரிடம் சொன்னார். அதைப் பெண் பொலிஸ் ஒருத்தி அன்ரி வீட்டுக்கு வந்து சொன்னபோது, அன்ரியின் மடியிலிருந்த மகள், வீங்கிய உதட்டோடு, "இட்ஸ் நாட் நாய்ஸி எனிமோர். மம்மி ஃபிக்ஸ்ட் இட்" என்றாள். பெண் பொலிஸ் அதை எழுதிக்கொண்டாள்.

நீதிமன்றம் அவர் எங்களை நெருங்கக்கூடாதென்று உத்தரவிட்டது. நானும் மகளும் கிளேட்டனில் ஒரு சின்ன யூனிட் வீட்டுக்கு மாறினோம். சில மாதம் கழித்து அவருடைய தமையன் தொலைபேசியில் வந்தார்.

"சத்தத்தாலதானே எல்லாம், பிள்ளை. நித்திரையில்லாத மனுசன்."

"சத்தம் நிண்டு ஒரு கிழமைக்குப் பிறகுதான் பிள்ளைக்கு அடிச்சவர்" என்றேன்.

அவர், கை சுகமோ என்று கேட்டார்.

"முழுக்க மடங்காது" என்றேன்.