பத்து நாள் புள்ள சிரிச்ச கதை

அப்புத்தளை பக்கத்துத் தோட்டங்கள்ல ஆட்டோ ஓட்டுறவன் பாதி நேரம் ஓட்டுறான், மீதி நேரம் தள்ளுறான்; இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, நீங்களும் ஆட்டோ ஓட்டித் தள்ளினவங்கதான். நான் மிட்வைஃப் மிஸ்ஸ ஏத்திக்கிட்டுப் போறவன். புள்ள பெத்து லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பின பொம்பளைங்களப் பாக்க அவங்க போவாங்க.

மேல போங்க, கீழ போங்க

வளர்மதின்னு ஒரு பொண்ணு. வேற தோட்டத்துலருந்து வந்து சொந்தக்காரங்களோட ஒத்த ரூம் காம்பராவுல ஒண்டியிருந்தா. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான், கல்யாணப் பதிவும் இல்ல. புள்ள எடை குறைவாப் பொறந்திருச்சு. மிஸ் பாத்தா புள்ளையப் பறிச்சு அநாதைப் புள்ளைங்க ஹோம்ல விட்டுருவாங்கன்னு யாரோ சொல்லி வச்சதுல, லயமே சேர்ந்து அவள ஒளிச்சு வச்சிருந்துச்சு. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

வளர்மதி எங்கன்னு கேட்டா, தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த ஒரு அக்கா மேல் லயம்னாங்க. மேல போனா, அங்க உள்ளவங்க கீழ் லயம்னாங்க. ரெண்டு தடவ ஏறி எறங்கி, எஞ்சின் சூடாகி, பழையபடி அந்த அக்காகிட்டயே வந்து நின்னோம். அவங்க செடியிலருந்து கண்ண எடுக்கல. "அவசரம்னா நடந்தே போயிருக்கலாமே தம்பி."

நான்தான் கொக்கி

கடைசில, காயப்போட்டிருந்த புள்ளத் துணிதான் காம்பராவக் காட்டிக் குடுத்துச்சு. புள்ளைய நிறுக்கிற தராசத் தொங்கவிட உத்தரம் வேணும். அந்த முன்வாசல் இஸ்தோப்புல தொங்கவிட்டா கூரைத் தகரமும் சேர்ந்து எறங்கும். மிஸ் என்னப் பாத்தாங்க. நான் ரெண்டு கையாலயும் தராசத் தூக்கிப் புடிச்சேன்.

பக்கத்துக் காம்பரா பார்வதி அக்கா, தாய் குளிக்கப் போயிருக்கான்னு சொல்லி, துணி சுத்தின ஒரு புள்ளையக் கொண்டாந்து தராசுல போட்டாங்க. எனக்குத் தோள்பட்ட எறங்கிருச்சு. மிஸ் ஆஸ்பத்திரி கார்டப் பாத்தாங்க, தராசு முள்ளப் பாத்தாங்க. பொறந்தப்ப ரெண்டே கால் கிலோ. இப்ப ஆறு. "பத்து நாள்லயா?"ன்னு கேட்டாங்க. பார்வதி அக்கா அசரல. "எங்க மலைப் பீலித் தண்ணி அப்படி, மிஸ்."

லயத்துக்கே இருமல்

புள்ள என்னப் பாத்து வாயெல்லாம் சிரிச்சுச்சு. "பத்து நாள் புள்ள ஆளப் பாத்து இப்படிச் சிரிக்காதே அக்கா"ன்னாங்க மிஸ். அப்பத்தான் உள்ளருந்து ஒரு சின்ன அழுக, பூனைக்குட்டி மாதிரி. உடனே லயத்துல இருந்த அத்தன பேருக்கும் இருமல் வந்துருச்சு. ஒருத்தர் வாளியத் தட்டினாங்க, ஒருத்தர் ரேடியோவத் திருகினாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. நான் ஆட, தராசு ஆட, அதுல தொங்கினவர் என் சட்டையில ஒண்ணுக்கும் போயிட்டார். பார்வதி அக்கா மட்டும் விட்டுக்குடுக்கல. "இந்த ஆட்டோத் தம்பி மூஞ்சியப் பாத்தா பொறக்காத புள்ளைக்கே சிரிப்பு வரும், மிஸ்."

ஒரு சாண் கதவு

மிஸ் கதவத் தள்ளல. வாசப்படியில உக்காந்து, மூடின கதவுகிட்டப் பேசினாங்க. "வளர்மதி, புள்ளைய எடுக்க வரலம்மா. உன்னப் பாக்கத்தான் வந்தேன். காய்ச்சல் அடிக்குதா?" அப்புறம் கதவு ஒரு சாண் தெறந்து கை மட்டும் வெளிய வந்துச்சு. மிஸ் தொட்டுப் பாத்தாங்க, கொதிச்சுச்சு. நெசப் புள்ளைய வாங்கி நிறுத்துப் பாத்தா, பொறந்த எடைகூட இல்ல.

தாயும் புள்ளையும் ஒரே கட்டில்லதான் இருப்பீங்கன்னு மிஸ் சத்தியம் பண்ணாத குறையாச் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக வளர்மதி ஆட்டோவுல ஏறினா. ஏறி உக்காந்து என்னத்தான் பாத்தா. "ரெண்டு பேரா ஏறியிருக்கோம் அண்ணே, ரெண்டு பேராவே கொண்டாந்து விடணும்."

அஞ்சாம் நாள், அவங்க ரெண்டு பேரோட, ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போன பார்வதி அக்கா, அவங்க ஆறு கிலோப் புள்ள, ஒரு ஃப்ளாஸ்க், ரெண்டு வாளி எல்லாத்தையும் லயத்துல கொண்டாந்து எறக்கினேன். நம்ம தொழில்ல ஏறுறப்ப ஆள் கூடினாத் தள்ளிக்கலாம், எறங்குறப்ப கொறையாம இருந்தாச் சரி.