நான் வைத்த முதல் நாற்று

நான் பிறந்த மாதத்தில்தான் அப்பாவின் குத்தகை நிலம் கைவிட்டுப் போனது. அதனால் நான் ராசியில்லாதவள் என்பது எங்கள் வீட்டில் முடிந்துபோன விஷயம். நடவு தொடங்கினால் பயிர் தேறும்வரை வயல் பக்கம் நான் போகக் கூடாது. யாரும் திட்டிச் சொல்ல மாட்டார்கள். ஏதாவது வேலை சொல்லி வீட்டில் இருத்திவிடுவார்கள். நானும் என்னால் எது கெடுமோ என்ற பயத்திலேயே வளர்ந்தேன்.

நான் மூன்றாவது படித்த வருஷம் நீடாமங்கலத்திலிருந்து அம்மாவின் அண்ணன் நடவுக்கு வந்திருந்தார். ஆட்சி மாறி, கூலிக்கும் நிலத்துக்கும் ஊரெல்லாம் கொடி பிடித்துக்கொண்டிருந்த காலம். எங்களிடம் இருந்தது வேறொருவரிடம் பிடித்த சின்னக் குத்தகை. பிள்ளையை எதற்கு வீட்டில் அடைக்கிறீர்கள் என்று மாமா என்னை வரப்புக்கே அழைத்துப் போய்விட்டார். அப்பா தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னதும் மாமா கேட்டார்.

“கூட்டத்துல மிராசுதாரைப் பாத்துக் கை நீட்டிப் பேசி நெலத்தை விட்டது நீங்க, மாப்பிள்ளை. தொட்டில்ல கெடந்த புள்ளையா பேசுச்சு?”

நடவுப் பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். அப்பா முதல் நாற்று முடியை என்னிடம் நீட்டினார். ஈசானி மூலையில் நட்டேன்.

சில நாள் கழித்து யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்தால் வயல் முழுக்க வெளுத்து மஞ்சளாய்க் கிடந்தது. நான் நட்ட மூலையிலிருந்துதான் மஞ்சள் கிளம்பியதாகக்கூடத் தோன்றியது. வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்பாதான் கண்டுபிடித்தார். அழுகைக்கு நடுவே விஷயத்தைக் கேட்டவர், என்னை வயலுக்குக் கூட்டிப் போய் ஒரு நாற்றைப் பிடுங்கிக் காட்டினார். பழுப்பு வேர்களுக்கிடையே புதிதாக வெள்ளை வேர் விட்டிருந்தது.

“நட்டா வெளுக்கத்தான் செய்யும். வேர் பிடிச்சதும் பச்சை கட்டிரும். வருஷா வருஷம் இப்படித்தான்.”

வருஷா வருஷம் என்னை வயலைப் பார்க்க விடாதது அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். பிடுங்கிய நாற்றை மறுபடி சேற்றில் ஊன்றினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“உன்னால ஒண்ணுமில்ல பாப்பா. அப்பவும் இல்ல.”

எப்போது என்று நான் கேட்கவில்லை. நாற்று பிழைத்துக்கொள்ளும் என்பதே போதுமாக இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சோறு கேட்டேன். அவர் சொன்னது நான் பிறந்த மாதத்தைப் பற்றி என்பதும், சேற்றுக் கையைக் கழுவாமல் அவ்வளவு நேரம் அவர் ஏன் வரப்பிலேயே நின்றார் என்பதும், என் மடியில் ஒரு மகள் கிடந்தபோதுதான் எனக்கு விளங்கின.