எழுப்ப மறந்த தங்கை

தையல் கூடத்தில் துணி வெட்டுபவள் அக்கா. சாப்பிட்டதும் மேசைக்கடியில் இருபது நிமிடம் கண்ணயர்வாள். எழுந்து வந்தால் எட்டு மடிப்புத் துணியையும் நூல் பிசகாமல் வெட்டுவாள். பதினோரு வருடத்தில் ஒரு துண்டும் வீணானதில்லை. மணி அடிக்கும் முன் தோளைத் தொட்டு எழுப்புவது, அவளே முதலாளியிடம் கெஞ்சி வேலைக்குச் சேர்த்த தங்கை.

அன்று கண் விழித்தபோது எதிரே முதலாளியின் செருப்புதான் தெரிந்தது. மணி அடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கத்தரி தங்கையின் கையில் இருந்தது.

“இனிமே இவ வெட்டட்டும். நீ போய் பட்டன் தை,” என்றார் முதலாளி.

“நான் கூப்பிட்டேன்க்கா, நீதான் எழுந்திரிக்கல,” என்றாள் தங்கை, முகத்தைப் பார்க்காமல்.

“நீ இருக்கேன்னுதான்டி நிம்மதியா தூங்கினேன்.”

மறுநாள் சாப்பிட்டபின் அக்கா கண்ணை மூடவே இல்லை. மாலைக்குள் ஊசி மூன்று முறை விரலில் ஏறியது.