குண்டடம் தாண்டாத கால்கள்

அந்தச் சிவப்புத் துணியைக் கீழே வை, கண்ணு. அடுத்தவர் பெட்டியைக் குடைந்ததும் இல்லாமல், "இது எதுக்கு அம்மாயி?" என்று கேள்வி வேறு. ஓடிப் பழகுகிறேன் என்று விடியும் முன்னே காலுக்கே பாரமான ஒரு பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினவள், ஏழு மணிக்கெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குகிறாய். கட்டுப்போடத் துணி வேண்டுமென்றால் மருந்துக்கடையில் வாங்கு. இந்தத் துணி ஏற்கெனவே இரண்டு கால்களைக் கெடுத்தது. அது என்ன கதை என்று தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? பந்தயத்துக்கு ஓடுகிறவள் பாதியில் திரும்பி வந்தவளின் கதையைக் கேட்கக்கூடாது. சரி, நீயும் ஆட்டோவில் வந்தவள்தானே. உனக்குச் சொன்னால் பாவமில்லை. காலை நீட்டி உட்கார்.

இது பனியனுக்குக் கழுத்தில் வைத்துத் தைக்கிற ரிப் துணி. இழுத்தால் முழம் நீளும், விட்டால் சாண் ஆகும். நானும் உன் தாத்தாவின் அக்காவும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தோம். எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கை என்போம். நங்கை மேசைக்கு அந்தப்பக்கம், நான் இந்தப்பக்கம். ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் போடுகிற வேலை. உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் கண் சொருகிவிடும் என்று முதலாளி ஸ்டூலையே எடுத்துவிட்டார். தினம் ஒன்றரை ஷிஃப்ட். அந்த வருடங்களில் என்னைக் கூப்பிட்டு என்ன வரம் வேண்டும் என்று சாமியே கேட்டிருந்தாலும், ஒரு ஸ்டூல் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நான் வேறு ஒன்றைக் கேட்டிருந்தேன். உன் அம்மாவுக்கு நான்கு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. சைகை காட்டுவாள், அழுவாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். ஊமை என்று ஒருத்தி சொன்னாள், நாக்குத் தடிப்பு என்று ஒருத்தி சொன்னாள். ஒருநாள் தாங்க முடியாமல், நங்கையை வைத்துக்கொண்டே சாமி படத்துக்கு முன்னால் நின்று, இவள் பேசினால் பழனிக்கு வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு படி பொரியோடு முடித்திருக்கலாம். வாய் என்னுடையது, கால்தான் அனுபவித்தது. எட்டு மாதம் கழித்து, தெருமுனையில் நின்று உன் அம்மா தன் வாழ்க்கையின் முதல் வார்த்தையைச் சொன்னாள். அம்மா என்று சொல்லவில்லை. "பஸ்ஸு" என்றாள். அன்று திறந்த வாயை இன்றுவரை மூடவில்லை, உனக்கே தெரியும்.

அப்புறம்தான் பயம் பிடித்தது. கொடுத்தவருக்கு எடுக்கத் தெரியாதா? ஒரு மழைக்காலத்தில் அவளுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. நான்கு நாள் காற்று மட்டும்தான் வந்தது. நான்கு நாளும் நான் சோறு தின்னவில்லை. ஐந்தாம் நாள் அவள் தின்பண்டம் கேட்டுக் கத்தின பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இந்தத் தைப்பூசத்துக்கு நடந்துவிடுகிறேன் என்று நங்கையிடம் சொன்னேன்.

நங்கை வருடாவருடம் நடக்கிறவர். சிரிக்கத் தெரியாது, நடக்கத் தெரியும். தீபாவளி முடிந்ததும் எனக்குப் பழக்கம் ஆரம்பித்தார். கம்பெனிக்கு டவுன் பஸ் கூடாது, வெறுங்காலோடு நடந்து வரவேண்டும். வாரவிடுமுறையில் அவிநாசி கோயில்வரை போய்த் திரும்ப வேண்டும். "காலு கெஞ்சும். கேக்கப்படாது" என்பார். அவருக்கு இன்னும் இரண்டு சட்டம் உண்டு. கிளம்பின பிறகு வண்டி ஏறினால் அதுவரை நடந்தது எல்லாம் வீண். பழனிக்கு வைத்த முகத்தை நடுவழியில் திருப்பக்கூடாது.

முதல் வருடம் ஒரு மாதம் ஒழுங்காக நடந்தேன். நெருஞ்சி முள் ஏறிக் குதிகால் பழுத்து, தைப்பூசத்தன்று கட்டிலில் கிடந்தேன். இரண்டாம் வருடம், உண்மையைச் சொல்கிறேன், ஏமாற்றினேன். நங்கை விடியற்காலையில் முன்னால் போய்விடுவார். நான் பின்னால் டவுன் பஸ் ஏறி, ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி, காலில் புழுதியை அள்ளிப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கியபடி வந்து நிற்பேன். ஒருநாள் எங்கள் வீட்டில் வைத்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, மேல்காலெல்லாம் புழுதியா இருக்குது, உள்ளங்காலு மட்டும் கழுவி வெச்சாப்பல இருக்குதே?"

"நான் மெதுவா வெச்சு நடக்கறனுங்க நங்கை" என்றேன்.

நான் டிக்கெட்டை மடித்து வளையலுக்குள் செருகிக்கொள்வேன். உன் அம்மா அதை உருவி ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைப்பாள். அந்த நேரம் பார்த்து அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அத்தை, அம்மா எனக்கு டெய்லியும் டிக்கட்டு கொண்டாரும்" என்று எண்ணிக் காட்டினாள். எந்த வாய்க்காக வேண்டிக்கொண்டேனோ அதே வாய். மறுநாளிலிருந்து நங்கை என்னை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தார். அவசரம் அவசரமாக நடந்ததில் முழங்கால் வீங்கியது. அதே மாதம் ஷிப்மென்ட் அவசரம் என்று கம்பெனியில் விடிய விடிய வேலை. அந்தத் தைப்பூசமும் போயிற்று.

மூன்றாம் வருடம் போயே தீருவது என்று பச்சைச் சேலை கட்டி மாலை போட்டேன். உன் அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. கிளம்பும் முதல்நாள் கட்டிங் மேசைக்கு அடியில் இந்தச் சிவப்பு ரிப் கிடந்தது. மற்றவர்கள் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு நடந்தார்கள். எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே. மெத்தென்று இருக்கும், வெறுங்கால் என்கிற பேரும் கெடாது என்று இரண்டு பாதத்திலும் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். பனியன் கம்பெனிக்காரி பனியன் துணியை நம்பினேன். அது சாயப்பட்டறையில் சரியாக அலசாமல் வந்த துணி என்பதால்தான் மேசைக்கு அடியில் கிடந்தது. அதில் தைத்த பனியன்களைச் சாயம் போகிறது என்று செக்கிங்கில் கழித்துப் போட்டதும் நானேதான்.

முதல் நாள் மத்தியானமே வியர்வையில் சாயம் இறங்கிவிட்டது. நான் வைத்த அடியெல்லாம் தார்ரோட்டில் சிவப்பாக விழுந்தது. தண்ணீர்ப்பந்தலில் ஒரு அம்மா என் காலைப் பார்த்துக் கும்பிட்டு, அந்த ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாயமுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டேன். துணிக்குள்ளே நடந்தது வேறு. ரிப் சுருங்கிச் சுருங்கி நரம்பை அறுத்தது. கொப்புளம் கட்டி, உடைந்து, அதற்குள் உப்பும் சாயமும் இறங்கி எரிந்தது.

இரண்டாம் நாள், பாதி வழியில் குண்டடத்தில் நடக்கிறவர்களுக்காகப் போட்டிருந்த பந்தலைத் தாண்டி அரை மைல் போயிருப்போம். உச்சி வெயில். கூட்டம் போய்விட்டது. நங்கை முப்பது அடி முன்னால், நான் கடைசி ஆள். வேலமரத்தடியில் ஒரு பெண் துணிமூட்டையோடு சுருண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். எல்லோரும் பழனியைப் பார்த்துப் போக, அவள் ஒருத்தி மட்டும் திருப்பூரைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். திண்டுக்கல்லுக்கும் அந்தப்பக்கமாம். ஊரில் மழை இல்லை, வேலை இல்லை. அனுப்பர்பாளையத்தில் அக்கா இருக்கிறாள், கம்பெனியில் சேர்த்துவிடுவாள் என்று பஸ்ஸுக்கு வழியில்லாமல் மூன்று நாளாக நடக்கிறாள். எங்கேயோ குடித்த தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிறு போய், உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

"அக்கா, திருப்பூரு இன்னும் எம்புட்டு தூரம்க்கா?" என்று கேட்டாள். நான் தூரத்தைச் சொல்லவில்லை. அவள் கால் என் காலைவிட மோசமாக இருந்தது.

நங்கையைக் கூப்பிட்டேன். நின்றார். ஆனால் முகத்தைத் திருப்பக்கூடாதே. பழனியைப் பார்த்தபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"பந்தல்ல ஆளிருக்குது. அங்க சேத்திப்போட்டு வா. நான் மெதுவா நடக்கறேன்."

"திரும்பப்படாதுன்னீங்களே நங்கை?"

"திரும்பறது தப்பில்ல. திரும்பி வராததுதான் தப்பு."

அந்த முதுகுக்குக் கண் இருந்திருக்க வேண்டும்.

அவளைத் தோளில் சாய்த்துப் பந்தலுக்குக் கொண்டுவந்தேன். நல்ல மனிதர்கள் இருந்தார்கள். உப்புப் போட்ட கஞ்சி கொடுத்தார்கள். சாயந்திரம் டாக்டர் வருவார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கிளம்புங்கள் என்றுதான் சொன்னார்கள். அந்த நேரம் திருப்பூர் பஸ் வந்து நின்றது. அவள் எழுந்து தள்ளாடினாள். கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு, இந்த நிலையில் தனியாக ஏற்ற முடியாது, கூட யாராவது வந்தால் ஏற்றுகிறேன் என்றார்.

பந்தலில் இருந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அவள்கூட என்னைக் கேட்கவில்லை. நான் பஸ்ஸுக்குள்ளே பார்த்தேன். ஜன்னலோரம் இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்று காலியாக இருந்தது. அவ்வளவுதான். என் கால் படியில் ஏறிவிட்டது.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பட்டப்பகலில் உட்கார்ந்தேன். அவள் தலையை என் தோளில் போட்டுக்கொண்டாள். என் சிவந்த காலைப் பார்த்த கண்டக்டர், டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ஜன்னல் காற்று அடித்தது. அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல? மூன்று வருடக் களைப்பு இல்லை அது, கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த களைப்பு. அது முழுதும் இடுப்பு வழியாக சீட்டுக்குள் இறங்கியது. வழியெல்லாம் வெட்கமே இல்லாமல் நன்றாக இருந்தது.

அவிநாசிபாளையம் வந்தபோதுதான் உன் அம்மா ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போகும்போது அவள் வாய் கட்டிப்போயிருந்தால்? கூடவே, அக்கம்பக்கத்தில் சொல்லப் பேச்சும் தயார் செய்துகொண்டேன். பாவம் ஒரு பெண், நடுரோட்டில் கிடந்தாள், சாமியைவிட உயிர் பெரிதில்லையா என்று. நல்ல பேச்சு. கேட்டால் எவருக்கும் கண் கலங்கும்.

நங்கை மூன்று நாள் கழித்து வந்தார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பஸ் ஏறினதைப் பந்தல்காரர் ஒருவர் சைக்கிளில் போய் அவரிடம் சொல்லியிருக்கிறார். பஞ்சாமிர்த டப்பாவை வைத்தார்.

"உன்ற வேண்டுதலைச் சாமிகிட்ட நானே சொல்லிப்போட்டேன். அவ வரல, பஸ்ஸுல போயிட்டாள்னு."

"அவரு என்ன சொன்னாருங்க?"

"பொறவால ஆயிரம் பேரு நிக்கறாங்க. நின்னு கேக்க நேரமேது?"

அதன் பிறகு என்னை அவர் நடக்கக் கூப்பிடவில்லை. கால் ஓயும்வரை ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் இரண்டு தேங்காய் எடுத்துப் போனார். இரண்டாவது யாருக்கு என்று நான் கேட்டதில்லை. இன்று அவரும் இல்லை, கேட்க.

பஸ்ஸில் வந்த அன்று சாயந்திரம், நாங்கள் இருந்த லைன்வீட்டுப் பொதுக் குழாயடியில் வந்து நின்றேன். தண்ணீர் பிடிக்கிற நேரம், பெண்கள் எல்லாம் இருந்தார்கள். என் காலைப் பார்த்ததும் சுற்றி வந்து நின்றார்கள். ஒருத்தி அந்தப் பெண்ணைத் தாங்கி உட்கார வைத்தாள். இன்னொருத்தி குடத்தோடு என் காலில் தண்ணீர் ஊற்றினாள். சிமெண்ட் தரையெல்லாம் சிவப்பாக ஓடியது. உன் அம்மா வீட்டிலிருந்து ஓடிவந்தாள். சிவப்பைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. என்னைப் பார்க்கிறாள், தரையைப் பார்க்கிறாள், உதடு மட்டும் அசைகிறது. போச்சு, எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. இந்த வயது வரைக்கும் அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. மெல்ல வந்து என் கையைப் பிடித்தாள். வளையலுக்குள் விரலைவிட்டு உருவினாள்.

"அம்மா, இது டவுன் பஸ்ஸு டிக்கட்டு இல்ல. பெரிய பஸ்ஸு டிக்கட்டு" என்று ஊரே கேட்கும்படி சொன்னாள். "நீ நடக்கலியா? பஸ்ஸுலயா வந்தே?"

அந்தக் குரலைக் கேட்டதும் தயார் செய்து வைத்த பேச்சு எல்லாம் மறந்துபோயிற்று. அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன், எது எப்போது என்று தெரியாது. பிறகு அக்கம்பக்கத்துக்காரர்களிடம், வாழ்க்கையில் அந்த ஒரு தடவை, உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ஆமாங்க, பஸ்ஸுலதானுங்க வந்தேன். இந்தப் புள்ளையப் பந்தல்லயே உட்டுப்போட்டுப் போயிருக்கலாமுங்க. உக்கோர எடங் கெடைச்சுது, ஏறிட்டேன். இது ரத்தமில்லீங்க, சாயம்."

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். இவளுக்கு எந்த நேரமும் கேலிதான், செய்த புண்ணியத்தைக்கூடக் கேலி பண்ணி மறைக்கிறாள் என்றார்கள். நம்பாதவர்களில் முதல் ஆள், சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்தான். இன்றும் தைப்பூசத்தன்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருகிறாளே, உனக்குப் பெரியம்மா முறை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பவள், அவள்தான்.

இப்போது உன் கையில் வெளுத்துப்போய் இருக்கிறதே, இதே துணியை அவிழ்த்து அவர்கள் கண்முன்னால் குழாயில் நனைத்தேன். "பாருங்க, துணியிலிருந்துதானுங்க வருது" என்று முறுக்கிப் பிழிந்து காட்டினேன். சிவப்பு சொட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஊற்றினவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"பாருங்க, அந்தத் துணியே எத்தன ரத்தங் குடிச்சிருக்குதுன்னு."